அம்மா தட்டுல உப்பை எடுத்துட்டா கேன்சர் பரவாம நிக்குமா?

கேள்வி: டாக்டர், நாங்க திருத்துறைப்பூண்டி பக்கம், விவசாயக் குடும்பம். அம்மாவுக்கு 58 வயசு, மார்புல கட்டி வந்து பயாப்சில கேன்சர்னு சொல்லிட்டாங்க. கீமோ எதுவும் இன்னும் குடுக்கல, ரெண்டு வாரத்துல நேரா ஆபரேஷன். போன மாசம் சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸ்அப்ல மெசேஜ் அனுப்புனாரு. கேன்சர் செல்லுல சோடியம் சேனல்னு ஒண்ணு இருக்காம், அது வழியா சோடியம் போனாதான் கேன்சர் பரவுமாம், உப்பை நிறுத்துனா பரவாதாம். மூணு வாரமா அம்மாவுக்கு உப்பில்லாம தான் சமைக்கிறோம். வலிப்பு மாத்திரை அந்த சேனலை அடைக்கும்னும் அதுல இருந்துச்சு. என் தம்பி வலிப்புக்கு எப்டாயின் சாப்பிடுறான், வீட்லயே இருக்கு, அம்மாவுக்கும் ராத்திரி ஒண்ணு குடுக்கலாமா? உப்புக்கு பதிலா இந்துப்பு சேக்கலாமா? அம்மா பிபிக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. ரெண்டு நாளா தலை சுத்துது, சாப்பாடே வேண்டாங்குறாங்க, பேச்சும் கொஞ்சம் மந்தமா இருக்கு.

பதில்:

தம்பி, உங்க கடைசி வரியில இருந்துதான் நான் ஆரம்பிக்கணும், ஏன்னா அதுதான் அவசரம். இதைப் படிச்ச உடனே அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ரத்தத்துல எலக்ட்ரோலைட்ஸ் டெஸ்ட் (சோடியம், பொட்டாசியம் அளவு பாக்குறது) எடுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு வேண்டாம், இன்னைக்கே. பிபி மாத்திரை அட்டையையும் கையில எடுத்துட்டுப் போங்க, அதுல ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இன்டாபமைடு மாதிரி பேர் இருந்தா அது சிறுநீர் வழியா உப்பை வெளியேத்துற மாத்திரை. ஒரு பக்கம் அது உப்பை வெளிய தள்ளுது, இன்னொரு பக்கம் நீங்க மூணு வாரமா உள்ள உப்பு போகாம பாத்துக்கிட்டீங்க, சாப்பாடும் குறைஞ்சு போச்சு, வெறும் தண்ணியும் நீராகாரமுமா குடிச்சிட்டு இருப்பாங்க. இந்த மூணும் சேந்தா இந்த வயசுல ரத்தத்துல சோடியம் இறங்கிடும். 135-ல இருந்து 145 வரைக்கும் இருக்க வேண்டியது, 130-க்கு கீழ போனா தலை சுத்தல், குமட்டல், மந்தம், இன்னும் இறங்குனா குழப்பம், 120 கிட்ட போனா வலிப்பே வரலாம். இந்த நம்பரோட எந்த மயக்க மருந்து டாக்டரும் ஆபரேஷனுக்கு சரின்னு சொல்ல மாட்டாங்க, அதனால நாள் தள்ளிப் போகும், அது வேற நஷ்டம்.

இன்னைக்கு சாப்பாட்டுல எப்பவும் போல உப்பு போடுங்க. ஆனா பயத்துல உப்புத் தண்ணியா கரைச்சு டம்ளர் டம்ளரா குடுக்காதீங்க. இறங்கிப்போன சோடியத்தை சட்டுனு ஏத்துனாலும் மூளைக்கு ஆபத்து, அதை ஆஸ்பத்திரியில கணக்குப் போட்டு மெதுவாதான் ஏத்துவாங்க. பிபி மாத்திரையை நிறுத்துறதா மாத்துறதான்னு அவங்களே சொல்லுவாங்க.

இந்துப்பும் அதே சோடியம் குளோரைடு தான், நிறம் மட்டும் வேற. கடையில சோடியம் கம்மின்னு விக்கிற உப்பு இருக்கே, அதுல பொட்டாசியம் கலந்திருக்கும், டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு பொட்டாசியம் ஏறி இதயத்துக்கு கெடுதல் வரலாம், அதையும் வாங்காதீங்க.

சரி, இப்ப அந்த மெசேஜ். அது முழுப் பொய்யா இருந்திருந்தா ஒரே வரியில முடிச்சிருப்பேன். அதுல பாதி உண்மை இருக்கு, அந்தப் பாதி ரொம்ப நல்ல ஆராய்ச்சி, நானே வருஷக்கணக்கா ஆர்வமா படிச்சிட்டு வர்ற விஷயம். அந்த உண்மையில இருந்து உங்க அம்மா தட்டுக்கு தாவுன இடத்துலதான் தப்பு நடந்திருக்கு. அதனால பொறுமையா சொல்றேன்.

நீங்க டெல்டாக்காரர், உங்களுக்கு மதகு தெரியும். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் சின்ன வயல் மாதிரி, சுத்தி வெளிய இருக்குற திரவத்துல சோடியம் 140 அளவு இருக்கும், செல்லுக்குள்ள பத்து பதினஞ்சு தான் இருக்கும். உள்ள வர்ற சோடியத்தை வெளிய இறைச்சுப் போட ஒரு பம்பு ராத்திரி பகலா ஓடிக்கிட்டே இருக்கு, மூணு சோடியத்தை வெளிய தள்ளிட்டு ரெண்டு பொட்டாசியத்தை உள்ள எடுத்துக்கும். செல்லோட சுவர்ல இருக்குற மதகுதான் சோடியம் சேனல். நரம்புலயும் தசையிலயும் கரண்ட் மாதிரி ஒரு தூண்டுதல் வந்தா இந்த மதகு ஒரு வினாடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் திறந்து உடனே மூடிக்கும், அந்த நொடிக்குள்ள சோடியம் பாஞ்சு உள்ள வரும், நரம்புல சேதி போறதே இப்படித்தான். இதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு பேர் கணவாயோட தடிச்ச நரம்பை எடுத்து வச்சு ஆராய்ச்சி பண்ணி 1952-ல கணக்கோட எழுதுனாங்க, 1963-ல நோபல் பரிசு கிடைச்சுது. நம்ம உடம்புல இந்த மதகு ஒன்பது வகை இருக்கு, நேவ் 1.1-ல ஆரம்பிச்சு 1.9 வரைக்கும் பேர் வச்சிருக்காங்க, 1.4 தசையில, 1.5 இதயத்துல, மிச்சம் பெரும்பாலும் நரம்புலயும் மூளையிலயும்.

மார்பகத்துல பால் சுரப்பியில இருக்குற செல்லு நரம்பு கிடையாது, தசையும் கிடையாது, அதுக்கு இந்த மதகால ஒரு வேலையும் இல்ல. அப்ப கேன்சரான செல்லுல இது எதுக்கு வருது? இந்தக் கேள்விதான் ஆராய்ச்சிக்காரங்களை முப்பது வருஷமா இழுத்துட்டு வந்திருக்கு.

1995-ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல முஸ்தபா ஜம்காஸ்னு ஒரு பேராசிரியர் குழு, எலியோட புராஸ்டேட் கேன்சர் செல்லு ரெண்டு வகை எடுத்துக்கிட்டாங்க, ஒண்ணு வேகமா பரவுறது, இன்னொண்ணு அவ்வளவா பரவாதது. மூலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பாத்தா, பரவுற செல்லுல மட்டும் சோடியம் மதகு வேலை செஞ்சுது, பரவாத செல்லுல அந்த கரண்ட்டே இல்ல. அப்புறம் டெட்ரோடாக்சின் போட்டு மதகை அடைச்சாங்க, அது பேத்தை மீன்ல இருக்குற விஷம், நம்ம கடற்கரைல மீனவர்கள் அந்த மீனை வலையில வந்தா தூக்கிப் போட்டுருவாங்களே அதேதான். அடைச்ச உடனே அந்த செல்லுங்க திசுவுக்குள்ள துளைச்சுப் போற வேகம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது. விஷம் செல்லைக் கொல்லல, வளர விடாமலும் பண்ணல, ஊடுருவிப் போறதை மட்டும் குறைச்சுது. இதை நல்லா கவனிங்க தம்பி. கேன்சர்ல பெரும்பாலும் உயிரை எடுக்குறது முதல் கட்டி இல்ல, அது அங்க இருந்து கிளம்பி நுரையீரல், கல்லீரல், எலும்புன்னு போய் உக்காருறதுதான். அப்படி கிளம்பிப் போற திறமைக்கும் இந்த மதகுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அன்னைக்குத்தான் முதல்முதலா தெரிஞ்சுது.

மார்பகக் கேன்சர்ல 2003-ல பிரான்ஸ்ல தூர் நகரத்துக் குழுவும், 2005-ல லண்டன் குழுவும் இதையே பாத்தாங்க. எம்டிஏ எம்பி 231-னு ஒரு செல்லு வகை, 51 வயசு அம்மா ஒருத்தங்க கிட்ட இருந்து எடுத்து அமெரிக்காவுல வளத்தது, ரொம்ப ஆக்ரோஷமானது, அதுல மதகு இருக்கு. எம்சிஎஃப் 7-னு சாதுவான வகை, அதுல வேலை செய்யுற மதகு இல்ல. நோயாளிங்க கிட்ட இருந்து எடுத்த கட்டிலயும் பாத்தாங்க, அக்குள் நெறிகட்டிக்கு பரவுனதுக்கும் இந்த மதகுக்கும் தொடர்பு தெரிஞ்சுது. அந்த மதகு எதுன்னு பாத்தா நேவ் 1.5, இதயத்துல இருக்க வேண்டியது. அதுலயும் பெரியவங்க வடிவம் இல்ல, குழந்தை பிறக்குற காலத்துல இருக்குற வடிவம், வளந்த அப்புறம் உடம்பு பெரும்பாலும் ஒதுக்கி வச்சிருக்குறது. எப்பவோ மூடி வச்ச பழைய பெட்டியைத் திறந்து கேன்சர் செல்லு இதை எடுத்து மாட்டிக்குது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் இன்னும் உடம்பு சிலிர்க்குது, ஏன்னா பெரியவங்க உடம்புல நல்ல செல்லுல அதிகம் இல்லாத ஒண்ணை கேன்சர் செல்லு வச்சிருக்குன்னா, அதை மட்டும் குறி வச்சு அடிக்க வழி இருக்குன்னு அர்த்தம்.

அந்த மதகு அங்க என்ன பண்ணுது? நரம்புல மாதிரி திறந்து மூடுறது இல்ல. ஷட்டர் பலகை சரியா உக்காராத மதகு பாத்திருப்பீங்க, மூடியிருக்கும், ஆனா அடியில ராத்திரி பூரா கசிஞ்சிட்டே இருக்கும். கேன்சர் செல்லுல பெரும்பாலான மதகு மூடித்தான் கிடக்கும், ஆனா கொஞ்சம் சோடியம் நிக்காம உள்ள கசியும். அதோட இந்த மதகு பக்கத்துலயே என்ஹெச்இ 1-னு இன்னொரு வாசல் இருக்கு, செல்லுக்குள்ள சேர்ற அமிலத்தை வெளிய தள்ளுறது அதோட வேலை. நேவ் 1.5 அதை முடுக்கி விடுதுன்னு அதே தூர் குழு காட்டுனாங்க. அப்ப செல்லைச் சுத்தி வெளிய அமிலம் ஏறுது, அமிலத்துல நல்லா வேலை செய்யுற கெதெப்சின்னு சில நொதிகள் இருக்கு, அதுங்க சுத்தி இருக்குற திசுவை, வரப்பை எலி குடையுற மாதிரி அரிச்சு வழி பண்ணுது, செல்லு அந்த வழியா நகந்து போயிடுது. மார்பகம் மட்டும் இல்ல, குடல்ல நேவ் 1.5, கர்ப்பப்பை வாய்ல நேவ் 1.6, நுரையீரல்லயும் புராஸ்டேட்லயும் நேவ் 1.7-னு வேற வேற கேன்சர்ல வேற வேற மதகைப் பாத்திருக்காங்க.

இப்ப உப்புக்கு வாங்க. மெசேஜ் எழுதுனவர் என்ன நினைச்சாருன்னா, வாய்க்கால்ல தண்ணியே இல்லன்னா மதகு திறந்திருந்தா என்ன மூடியிருந்தா என்னன்னு. வயலுக்கு சரி, உடம்புக்கு இது ஒத்து வராது. செல்லுக்கு வெளிய இருக்குற சோடியத்தோட அளவை சிறுநீரகமும் ஹார்மோனும் சேந்து பிடிச்சு வச்சிருக்கு, நீங்க உப்பைக் குறைச்சா சிறுநீரகம் வெளிய விடாம சேத்து வச்சுக்கும், அளவு 140 கிட்டயேதான் நிக்கும். கேன்சர் செல்லுக்கு நீங்க உப்பை நிறுத்துனதே தெரியாது. சரி, உங்க அம்மா விஷயத்துல நடந்திருக்கலாம்னு நான் பயப்படுற மாதிரி பிபி மாத்திரையும் சேந்து நெசமாவே சோடியம் இறங்குனா? 140 வந்து 120 ஆச்சுன்னு வைங்க. உள்ள பதினஞ்சு, வெளிய 120, இன்னும் எட்டு மடங்கு இருக்கு. கசிவு அதுபாட்டுக்கு நடக்கும். ஆனா மூளை அந்த 120-ஐ தாங்காது, வீங்கும். கேன்சருக்கு முன்னாடி அம்மாதான் விழுவாங்க.

பிபி இருக்குறவங்க உப்பைக் குறைக்கணும்னு டாக்டர் சொல்றது வேற, ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள்ள, அப்பளம் ஊறுகாய் கருவாடை தள்ளி வைங்கன்னு. அதை அப்படியே பண்ணுங்க. அது ரத்தக் குழாய்க்காக, கேன்சருக்காக இல்ல.

அடுத்து உங்க தம்பியோட எப்டாயின். இதை இப்பவே கேட்டீங்களே, குடுத்துட்டு கேக்காம, அதுக்கு நான் ரொம்ப நன்றி சொல்றேன். எப்டாயின்ல இருக்குறது பெனிட்டாயின், அது சோடியம் மதகை அடைக்குற மருந்துதான், மூளையில நரம்பு தாறுமாறா சேதி அனுப்புறதை அப்படித்தான் நிறுத்துது. இங்கிலாந்துல யார்க் பல்கலைக்கழகத்துல பிராக்கன்பரி குழு 2015-ல மார்பகக் கேன்சர் செல்லு வச்ச சுண்டெலிக்கு இதைக் குடுத்துப் பாத்தாங்க, கட்டி வளர்ச்சியும் பரவுறதும் குறைஞ்சுது. மெசேஜ்ல வந்தது இதுவாத்தான் இருக்கும், பொய் இல்ல. ஆனா அது எலி. பெனிட்டாயின் ரொம்ப கறாரான மருந்து, ரத்தத்துல ஒரு மில்லிக்கு 10-ல இருந்து 20 மைக்ரோகிராம் வரைக்கும்தான் சரியான அளவு, ஒரு கட்டத்துக்கு மேல மாத்திரையை கொஞ்சம் கூட்டுனாலே ரத்தத்துல அளவு எகிறிடும், கால் தள்ளாடும், கண்ணு ரெண்டா தெரியும், ராத்திரி பாத்ரூம் போற வழியில விழுந்து இடுப்பு எலும்பு ஒடிஞ்ச வயசானவங்களை நான் பாத்திருக்கேன். அதைவிட முக்கியம், இது கல்லீரல்ல மருந்தை உடைக்குற நொதிகளை வேகமாக்கிடும். நாளைக்கு அம்மாவுக்கு பேக்ளிடாக்சலோ டமாக்சிஃபெனோ குடுக்க வேண்டி வந்தா அது வேலை செய்யுறதுக்கு முன்னாடியே உடைஞ்சு அளவு குறைஞ்சு போயிடும். கேன்சரை அடிக்குற மருந்தோட கையை நீங்களே கட்டுன மாதிரி ஆயிடும். உங்க தம்பி பக்கமும் யோசிங்க, அவன் அட்டையில இருந்து எடுத்தா அவனுக்கு ஒரு நாள் மாத்திரை குறையும், எப்டாயினை விட்ட அன்னைக்கே வலிப்பு வந்த பசங்க நிறைய. அவன் மாத்திரை அவனுக்கு மட்டும்.

அப்ப ஏன் இந்த மதகை அடைக்குற மருந்தை கேன்சருக்குன்னு இன்னும் கொண்டு வரலன்னு கேப்பீங்க. நேவ் 1.5 இதயத்துல இருக்குன்னு சொன்னேன்ல, அதுதான் தடை. 1989-ல அமெரிக்காவுல மாரடைப்பு வந்தவங்களுக்கு இதயத் துடிப்பை ஒழுங்கு பண்ணலாம்னு சோடியம் மதகை அடைக்குற ஃப்ளெகைனைடு, என்கைனைடுன்னு ரெண்டு மருந்து குடுத்துப் பாத்தாங்க, நல்லது நடக்கும்னு எல்லாரும் நம்புனாங்க, ஆனா சும்மா மாவு மாத்திரை சாப்பிட்டவங்களை விட மருந்து சாப்பிட்டவங்க அதிகமா இறந்தாங்க, பாதியிலயே நிறுத்திட்டாங்க. அதனால இதயத்தை விட்டுட்டு, கேன்சர் செல்லுல இருக்குற அந்த குழந்தை வடிவத்தை மட்டும், இல்ல அந்த கசிவை மட்டும் அடைக்கணும். நெஞ்சு வலிக்கு குடுக்குற ரனோலசின் கசிவை அடைக்கும், அதுவும் எலியில நுரையீரலுக்கு பரவுறதைக் குறைச்சிருக்கு. மனுசங்களுக்கு கேன்சர் மருந்தா இது எதுவும் இன்னைக்கு கைக்கு வரல. பயாப்சி ரிப்போர்ட்ல ஈஆர், பிஆர், ஹெர்2-னு வரி வரியா பாத்திருப்பீங்க, சோடியம் சேனல்னு ஒரு வரி இருக்காது, தனியா டெஸ்ட் எடுத்துத் தர்றேன்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க.

ஆனா ஒண்ணு இருக்கு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், உங்க அம்மாவுக்கு இது நேரடியா பொருந்தலாம்.

பல் பிடுங்குறதுக்கு முன்னாடி மரத்துப்போற ஊசி போடுவாங்களே, லிக்னோகெயின், லிடோகெயின்னும் சொல்வாங்க, சைலோகெயின்னு கடையில சொன்னா தெரியும். அது மரத்துப்போக வைக்குறதே சோடியம் மதகை அடைச்சுத்தான். மும்பை டாடா மெமோரியல்ல டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. ஆபரேஷன்ல கட்டியைத் தொட்டு, அழுத்தி, வெட்டும்போது சில செல்லுங்க ரத்தத்துல கிளம்பிப் போக வாய்ப்பு இருக்கு, அதுக்கு முன்னாடியே கட்டியைச் சுத்தி இந்த ஊசியைப் போட்டு வச்சா என்னன்னு யோசிச்சாங்க. 2011-ல இருந்து 2022 வரைக்கும் நம்ம நாட்டுல பல ஆஸ்பத்திரியில 1600 பெண்களைச் சேத்து, குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு 0.5 சதவீத லிடோகெயினை கட்டியோட எல்லாப் பக்கமும் போட்டு 7-ல இருந்து 10 நிமிஷம் காத்திருந்து அப்புறம் வெட்டுனாங்க, இன்னொரு பாதிக்கு வழக்கமான ஆபரேஷன். 2023-ல முடிவு வந்துச்சு. அஞ்சு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க ஊசி போட்ட பக்கம் 86.6 சதவீதம், போடாத பக்கம் 82.6. உயிரோட இருந்தவங்க ஊசி போட்ட பக்கம் 90.1, போடாத பக்கம் 86.4. நூறு பேர்ல நாலு பேர் கிட்ட கூடுதலா பிழைச்சிருக்காங்க, பல வருஷம் உழைச்சு கோடிக்கணக்குல செலவு பண்ணி கண்டுபிடிக்குற சில புது மருந்துக்கு கூட இவ்வளவு கிடைக்குறது இல்ல, இது சில ரூபாய் ஊசி. நம்ம நாட்டு டாக்டர்கள், நம்ம நாட்டுப் பெண்கள். இதை நான் பாக்குற எல்லா இளம் சர்ஜன் கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

நடந்ததை உள்ளபடி சொல்லணும்னா, ஊசி போடாத பக்கத்துக்கு வெறும் தண்ணி ஊசி போட்டு ஒப்பிடல, அதனால இன்னொரு தடவை வேற நாட்டுலயும் பண்ணி உறுதி பண்ணணும்னு சிலர் கேக்குறாங்க, நியாயம்தான். லிடோகெயின் சோடியம் மதகை மட்டும் தொடுறது இல்ல, வேற சிலதையும் தொடும், அதனால மதகை அடைச்சதாலதான் இந்தப் பலன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருந்தாலும் சரியான அளவுல போட்டா பெரிய கெடுதல் இல்லாத ஊசி, செலவும் இல்ல, அதனால என் அம்மாவா இருந்தா போடச் சொல்லுவேன்.

இந்த ஆராய்ச்சியில இருந்தவங்க எல்லாரும் ஆரம்ப நிலை கேன்சர், முன்னாடி கீமோ எடுக்காம நேரா ஆபரேஷனுக்கு வந்தவங்க. உங்க அம்மாவும் கீமோ எடுக்கல, நேரா ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க, அதனால சர்ஜன் கிட்ட தாராளமா கேளுங்க. மரியாதையா, நேரா கேட்டாலே போதும். "சார், டாடா மெமோரியல்ல கட்டியைச் சுத்தி லிக்னோகெயின் போட்டு ஆபரேஷன் பண்ணதா படிச்சோம், அம்மாவுக்கு அது பொருந்துமா?"ன்னு. எடைக்கு ஏத்த அளவு இருக்கு, கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது, அம்மா 50 கிலோன்னா 225 மில்லிகிராம், 0.5 சதவீத மருந்துல 45 மில்லி வரும். இதை நீங்க அவருக்குச் சொல்ல வேண்டியது இல்ல, அவருக்குத் தெரியும், நீங்க தெரிஞ்சு வச்சுக்கணும்னு சொல்றேன். அம்மாவுக்கு பல் பிடுங்கும்போது அந்த ஊசி போட்டு ஏதாவது அலர்ஜி வந்துச்சா, இதயத் துடிப்பு ரொம்ப மெதுவா இருக்குன்னு யாராவது சொல்லிருக்காங்களா, கல்லீரல் கோளாறு எதுவும் உண்டா, இதை மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. அவர் வேண்டாம்னு சொன்னா காரணம் இருக்கும், கேட்டுக்கங்க, அதுக்காக ஆஸ்பத்திரி மாத்தி ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க.

அந்த சொந்தக்காரர் கிட்டயும் சண்டை போட வேண்டாம், அவரும் அம்மா நல்லா இருக்கணும்னுதான் அனுப்பியிருப்பாரு. மூணு வாரம் உப்பில்லாம சமைச்சுப் போட்ட உங்க வீட்டு ஆளுங்களும் அதே மனசுலதான் பண்ணிருக்காங்க, அதுக்காக யாரும் குற்ற உணர்ச்சியில உக்கார வேண்டாம். இன்னைக்கு சாயங்காலம் பருப்பு ரசம், கொஞ்சம் மோர், அம்மாவுக்குப் பிடிச்ச ஒரு பொரியல், எல்லாம் உப்பு போட்டு. ஆபரேஷனுக்கு முன்னாடி உடம்புல தெம்பு வேணும், முட்டை, பயறு, மீன் எது இறங்குதோ குடுங்க.

டெஸ்ட் ரிசல்ட் வந்த உடனே சோடியம் நம்பரையும் பிபி மாத்திரை பேரையும் எனக்கு எழுதுங்க. நம்பர் 130-க்கு கீழ இருந்தாலோ, அதுக்கு முன்னாடியே அம்மா குழம்பிப் பேசுனாலோ, எழுப்பும்போது சரியா எழுந்திருக்கலன்னாலோ, எனக்கு எழுதிட்டு பதிலுக்கு காத்திருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் பண்ணுங்க, ரெண்டு வாரத்துல ஆபரேஷன் இருக்குன்னு அங்கயும் சொல்லுங்க, எந்த மாத்திரை எவ்வளவு நாளா சாப்பிடுறாங்க, உப்பு நிறுத்தி எத்தனை நாள் ஆச்சுன்னு மறைக்காம சொல்லுங்க.